ஷரஃபுதீனுக்கு மாலை எதற்கு?

"அந்த மாலையைப் பூக்காரிகிட்டயே திருப்பிக் கொடுத்துடச் சொல்லுங்கோ சார். வாடறதுக்குள்ள வேற யாராவது வாங்கிப்பா" என்றார் கஸ்தூரிரங்கன்.

மேஜைமேல் வாழை இலையில் சுற்றிய ரோஜா மாலை கிடந்தது. தெற்கு மாட வீதியில் மருந்துக்கடை மாடியில் கிரிக்கெட் கிளப்பின் நிர்வாகக் குழு கூடி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பதினேழு வருஷம் ஆடிய ஆல்ரவுண்டர் ஷரஃபுதீன் விலகல் கடிதம் கொடுத்திருந்தார். அவருக்கு வழியனுப்பு விழா எடுக்கும் அளவுக்கு அவர் பெரிய ஆட்டக்காரர்தானா என்பது கேள்வி.

விதி கறாரானது. குழுவில் ஏழு பேர். ஒருவர் எதிர்த்தாலும் விழா கிடையாது. விலகுகிறவரின் இடம் சீனியாரிட்டிப்படி அடுத்தவருக்குப் போகும், ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. சர்க்கார் குமாஸ்தாக்கள் ஆரம்பித்த கிளப், வேறு எப்படி இருக்கும்?

அந்த அடுத்தவர் கஸ்தூரிரங்கன். பதினோரு வருஷமாகப் பன்னிரண்டாவது ஆள். எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போவார், காலி தம்ளர்களோடு திரும்புவார். அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் இன்றுவரை ஒரு கறை கிடையாது.

தலைவரான வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மூவாயிரம் ரன். இருநூத்திப் பத்து விக்கெட். இன்னும் என்னப்பா வேணும் உனக்கு?"

"யாரோட ஆடி எடுத்தது சார்? காலேஜ் பசங்களோட. விக்கெட்ல பாதி கடைசி மூணு பேரோடது, மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதவா. அவாளை அவுட் பண்ண ஆல்ரவுண்டர் வேணுமா? நல்ல காத்தடிச்சாப் போறும்."

"ரெண்டும் தெரிஞ்ச ஆளு இல்லியா சாமி அவரு?" என்றார் விக்கெட் கீப்பர் தணிகாசலம். அவருக்கு மந்தைவெளியில் விறகுத் தொட்டி வியாபாரம்.

"ரெண்டும் அரைகுறையாத் தெரிஞ்சவர். ரெண்டு அரையைச் சேர்த்தா ஒண்ணுங்கறது பள்ளிக்கூடத்துக் கணக்கு. கிரிக்கெட்ல அது ரெண்டு அரைதான்."

யாரோ இருமினார்கள். மாடியின் தரை பலகை. பேசுவது அத்தனையும் கீழே கேட்கும். கீழே மருந்துக்கடை பெஞ்சில் ஷரஃபுதீன் உட்கார்ந்திருந்தார். மாலை வாங்காமல் இந்த கிளப்பை விட்டு நகரமாட்டேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும்.

"மெதுவாப் பேசேன்" என்றார் தலைவர்.

"எதுக்கு சார்? கேக்கட்டுமே. போறவர் போகட்டும், யார் பிடிச்சு வெச்சா? மாலை மட்டும் கூடாது."

தணிகாசலம் விடவில்லை. "போன பொங்கலுக்கு அந்த வெள்ளக்காரன், எதிர் டீமுக்கு புச்சா வந்தானே, அவன் போட்ட பந்து நெஞ்சுல பட்டு இவருக்கு ரெண்டு எலும்பு போச்சு. அப்பவும் வெளிய வர்ல. சாய்ந்தரம் வரிக்கும் நின்னு ஆடுனாரு. நான் எதிர் முனைல இருந்து பாத்தவன்."

கஸ்தூரிரங்கன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

பிறகு சொன்னார்: "நின்னவாளுக்கெல்லாம் மாலை போடறதுன்னா, தேர் நிறுத்தற முட்டுக்கட்டைக்கும் போடலாம்."

ஆறு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. பதினோரு வருஷத்துப் பொறாமை. இடம் தானாக மடியில் விழப்போகிறது, அப்போதும் இந்த மனுஷனுக்கு அடுத்தவன் கழுத்தில் ஒரு பூ விழப் பொறுக்கவில்லை.

"எதிர்ப்புன்னு எழுதிடவா?" தலைவரின் குரலில் அருவருப்பு தெரிந்தது.

"எழுதுங்கோ."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷரஃபுதீன் மேலே வந்து நின்றார். துருக்கித் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

"எல்லாம் கேட்டுது" என்றார். "அரை ஆளாமே நான். சரி. அந்தப் பேரோட வூட்டுக்குப் போனா நம்ப பொஞ்சாதி கதவு தெறக்க மாட்டா. வக்கீல் சார், என் கடுதாசிய குடுங்க."

தலைவர் கொடுத்தார். ஷரஃபுதீன் அதை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒரு வருஷம் ஆடறேன். கஸ்தூரி சார், நீங்களே உங்க கையால மாலை போடுவீங்க பாருங்க."

"பார்க்கலாம்" என்றார் கஸ்தூரிரங்கன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கூட்டம் கலைந்தது. ஒருவரும் கஸ்தூரிரங்கனிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. தணிகாசலம் மட்டும் தெப்பக்குளத்து ஓரமாக அவரோடு நடந்தார். அவர்கள் போகவேண்டிய வழி ஒன்று என்பதால்தான். பேச விருப்பமிருந்து அல்ல.

குளத்தைப் பாதி சுற்றியதும் தணிகாசலத்துக்கு அடக்க முடியவில்லை.

"ஒரு நல்ல மனுசனை மண்ணுல போட்டு பெரட்டிட்டியே சாமி. உனக்கு இன்னா கெடச்சுது? வாய மூடிக்கினு கம்முனு இருந்திருந்தா அவரு மாலையும் கையுமா போயிருப்பாரு. இந்தப் பொங்கலுக்கு அந்த வெள்ளக்காரன் எதிர்க்க, அவரு எடத்துல நீதான எறங்கியிருப்ப?"

கஸ்தூரிரங்கன் நின்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கை தானாக நெஞ்செலும்பைத் தடவிக்கொண்டது.

"அதனாலதான் பேசினேன்."