மணிக்கட்டுப் படம்

"கையை ஆட்டாதேடி தங்கம்," என்றாள் எக்ஸ்ரே எடுக்கும் அக்கா.

போலீஸ் மீட்டு வந்த சிறுமிக்கு, கடத்தல்காரர்கள் செய்த போலி அடையாள அட்டையில் வயது இருபத்திரண்டு. அதைக் காட்டியே இருமுறை அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவியிருந்தார்கள். உண்மை வயதை இனி எலும்புதான் சொல்ல வேண்டும்.

படத்தில் மணிக்கட்டு தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் சிறுமியின் விரல்களை இன்னொரு கை கோத்துப் பிடித்திருந்தது. அதன் சுண்டுவிரல் கோணல். அறையில் வேறு யாருமில்லை. அக்கா மறுபடி எடுத்தாள். அந்தக் கை விட்டபாடில்லை.

டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "பதினஞ்சு வயசுதான்" என்றார்.

"மாட்டினானுங்க!" என்று துள்ளினாள் வெளியே காத்திருந்த பெண் போலீஸ்.

மறுநாள் வெளியூரிலிருந்து சிறுமியின் அம்மா வந்தாள். மகளை அள்ளிக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "நல்லா இருப்பீங்கம்மா" என்று அக்காவின் கையைப் பற்றினாள்.

அந்த அம்மாவின் சுண்டுவிரல் கோணலாக இருந்தது.