மடங்காத விரல்

எர்ரோலின் இடது கை சமையலறை மேசைமேல் விரிந்து கிடந்தது. மாக்சின் அந்த ஐந்து விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாட்டோடு பாட்டைக் கோர்த்த மிக்ஸில் ஒரு தப்பு வந்தால் ஒரு விரல் மடங்கும். அதுவரை மனிதர் வாயைத் திறக்கமாட்டார். முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் எதற்கு எந்த விரல் என்று கணக்குத் தீர்ப்பார். டிஜே தொழிலில் அவளுக்கு மூத்தவர்; இருபத்தைந்து வருடமாக இதுதான் முறை. அவள் கோர்த்த எந்த மிக்ஸும் ஈஸ்டனில் இருக்கும் இந்த வீட்டைத் தாண்டாமல் பிரிஸ்டல் ஊருக்குள் போனதில்லை.

இந்த முறை போய்விட்டது. ஆசைப்பட்டு வெள்ளிக்கிழமையே இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

முதலில் ஒருவன் எழுதினான்: இருபத்து நான்காவது நிமிடம், சிம்பல் தட்டின் சத்தம் பல்லைக் கூச வைக்கிறது. பொறாமைக்காரன் என்று தள்ளிவிட்டாள்.

இரண்டாவது ஆளும் அதே நிமிடத்தைத்தான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும், நேற்று முளைத்தவன்.

மூன்றாவதாக எழுதிய பெண் மனமாரப் பாராட்டியிருந்தாள். கோர்வை அருமை, பேஸின் கனத்த அதிர்வு நெஞ்சுக்குள் இறங்குகிறது, ஆனால் ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, ஏன் இப்படி ஏற்றி வைத்திருக்கிறீர்கள், காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்க முடிந்தது.

மாக்சின் மறுபடி போட்டுக் கேட்டாள். அவளுக்கு அளவாகத்தான் இருந்தது. சிம்பல் கொஞ்சம் மந்தம் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் தங்கை சொன்னது நினைவுக்கு வந்தது.

போன மாதம் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். "அந்த மைக்ரோவேவ திறந்து தொலையேன்டி, கத்திக்கிட்டே கெடக்கு" என்றாள். மாக்சின் அது பழுதாகி ஊமையாகிவிட்டது என்றல்லவா ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

வயது ஐம்பத்து மூன்று. டிஜேவுக்குக் காது போனால் மிச்சம் என்ன இருக்கிறது? டாக்டரிடம் போகக் கால் வரவில்லை. இங்கே வந்துவிட்டாள். எதற்காக வந்தாள் என்று எர்ரோலிடம் மூச்சு விடவில்லை. அவர் காதுக்கு எதுவும் தப்பாது. இருபத்து நான்காவது நிமிடத்தில் அவர் விரல் மடங்காவிட்டால் அந்த மூன்று பேரும் உளறுகிறார்கள் என்று அர்த்தம்.

மடங்கினால்? அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

ஜன்னலோரம் எர்ரோலின் மனைவி பேர்ல் தலைக்கட்டைக் காதுவரை இறக்கிக் கட்டிக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்கு எப்போதும் அதுதான் வேலை.

பன்னிரண்டாவது நிமிடம். சுண்டுவிரல் மடங்கியது.

மாக்சினுக்கு மூச்சு வந்தது. அங்கே இரண்டு பாட்டின் பேஸும் அரை நொடி முட்டிக்கொண்டதை அவள் ஒருத்திதான் அறிவாள் என்றிருந்தாள். பிடித்துவிட்டாரே! அறுபத்தொரு வயதிலும் என்ன காது! ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி, அதன் முன்னால் விடியவிடிய அவளோடு சேர்ந்து நின்றவரின் காது. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து அன்றெல்லாம் எப்படிச் சிரித்தார்கள்!

இருபது. இருபத்திரண்டு.

இருபத்து நான்கு.

எர்ரோல் கண்ணை மூடியிருந்தார். மோதிர விரல் லேசாகத் துடித்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

விரல் மடங்கவில்லை. தாளத்துக்குத் தட்டத் தொடங்கியது.

கடைசிவரை மடங்கியது அந்த ஒரு சுண்டுவிரல்தான்.

"பன்னண்டுல பேஸ முட்ட விட்டுட்ட, கழுத" என்றார் எர்ரோல். "மத்ததெல்லாம் தங்கம். அதுலயும் அந்த சிம்பல் இருக்கே, இப்பல்லாம் எவன் பாட்டுலயும் அது கேக்கறதே இல்ல. உன்னுதுலதான் பளிச்சுனு இருக்கு. கைய வச்சிடாத."

மாக்சினுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, சிறுபிள்ளை மாதிரி வாசலுக்கு நடந்தாள்.

பேர்ல் பின்னாலேயே வந்தாள். ஐஸ்கிரீம் டப்பாவில் சோறும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து கையில் திணித்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தலைக்கட்டுக்குள் விரலை விட்டு இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தாள்.

"நீ நல்லா இருக்கணும்டி" என்றாள் தணிந்த குரலில். "வாசல் மணி அடிச்சாக்கூட அவருக்குக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. டமடமன்னு அடிக்கிறது மட்டும் கேக்குது. அவருக்கே தெரியாது, நானும் சொல்லல. நீ எப்படியோ கண்டுபிடிச்சிட்ட. அவருக்குக் கேக்கட்டும்னுதான அந்த சிம்பல அவ்ளோ ஏத்தி வச்ச?"

மாக்சின் கையிலிருந்த டப்பா சுட்டது. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா."

பேர்ல் அவள் கன்னத்தைத் தடவினாள். "பாவம், நீ பஞ்சுகூட வச்சுக்கல. ரொம்பக் கூசியிருக்குமே?"

"கொஞ்சம்" என்றாள் மாக்சின்.