இரண்டாவது பெயர்

நாங்கள் எட்டுப் பேர் ஓய்வு நேரத்தில் எழுதிவரும் இயங்குதளத்தில், எந்தத் திருத்தத்தையும் இரண்டு பேர் தத்தம் கணினியில் சோதித்துப் பெயர் போட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து எப்போதும் என் பெயரும் மனைவி பூரணியின் பெயரும் போகும். இம்முறை, ஒரு கணினிக்குள் இருக்கும் எல்லாப் பிராசசர்களையும் சேர்ந்து இயங்கவைக்கும் திருத்தம். என் கணினியில் இருந்த இரண்டு பிராசசர்களும் விழித்தன. அவளுடையதில் நான்கும் விழித்தன. இரண்டு பெயர்களையும் போட்டு அனுப்பினேன்.

சற்று நேரத்தில் எங்கள் எட்டுப் பேரில் ஒருவனான ரியாஸ் அழைத்தான். "அண்ணா, பூரணிக்கா பேரும் இருக்கு."

"அவ மெஷின்லயும் ஓடுச்சுடா."

"ஓட்டினது நீங்கதானேண்ணா. அக்கா தவறி நாப்பது நாளாச்சு."

அவள் பெயரை அழித்தேன். 'இன்னும் ஒருவர் சோதிக்க வேண்டும்' என்று திரையில் சிவப்பாக வந்தது.

"நான் ஓட்டிப் பாத்துட்டு, அங்க என் பேரைப் போடட்டுமாண்ணா?" என்றான் ரியாஸ்.