வேலிக்கு வெளியே

அயர்லாந்தில், ஷானன் ஆற்றங்கரை விமான நிலையத்தின் வேலியோரம் சார்ஜென்ட் மலக்கி என் பையைக் குடைந்தான். தேநீர் பிளாஸ்க்கைக்கூட மோந்து பார்த்தான்.

“ஆயுதம் இருக்கான்னு பார்க்கணும், நுவாலா அக்கா.”

“எந்தப் போர்லயும் சேராத நம்ம நாட்டுல, அதோ அமெரிக்க ராணுவ விமானம். அதுல ஏறிப் பார்த்தியா?”

“ஆயுதம் இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்களே! நீங்க வேலியைத் தாண்டினா கைதுதான்.”

“த்தூ!”

மறுவாரம் அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன். பதினோரு வருடமாக நான் வேலியோரம் நின்று அந்த விமானங்களைக் குறித்துவைத்த நோட்டைக் கேட்டார்கள். இப்போதாவது கண் திறந்ததே என்று கொடுத்துத் தொலைத்தேன்.

பாராளுமன்றத்தில் அமைச்சர் அதைத் தூக்கிக் காட்டியதை டி.வி.யில் பார்த்தேன்.

“எங்களை நம்பலைன்னா இந்த அம்மாவை நம்புங்க. பதினோரு வருஷமா கண்கொத்திப் பாம்பா பார்த்திருக்காங்க. ஒரு துப்பாக்கியைப் பார்த்ததாகூட எழுதலையே!”