முன் இருக்கை

காரில் போவதா, விமானத்தில் போவதா என்ற பேச்சு மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்து, தட்டுகளைக் கழுவி வைத்த பிறகும் ஓயவில்லை.

அவருக்கு அன்றைக்கு வார விடுமுறை. சோபாவில் காலை நீட்டி, கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாகத் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். கிளட்ச்சை மிதித்து மிதித்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இடது முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும்.

மூன்று வருஷமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பயணம் இது. கடற்கரையில் ஐந்து நாள். போகவே எண்ணூறு கிலோமீட்டர்.

மனைவி காரின் பக்கம். அவளுடைய தம்பி தன் காரைத் தருகிறேன் என்று சொன்னதோடு நிற்காமல், தேய்ந்துபோன இரண்டு டயரையும் மாற்றி வைத்துவிட்டான். எங்கே நிறுத்தி டீ குடிப்பது, எந்த ஊரில் தங்குவது என்று அவள் ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தாள்.

மூத்தவள் விமானத்தின் பக்கம். அத்தனை மணி நேரம் தங்கையோடு ஒரே சீட்டில் இடிபட்டுக்கொண்டு வருவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றாள்.

சின்னவளுக்கு எதுவானாலும் சரி, ஜன்னல் அவளுக்கு என்றால். அப்பா விமானத்தில் ஏறினாலும் சும்மா வர மாட்டார், தரையில் பிரேக் போட்டுக்கொண்டேதான் வருவார் என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காததால் அவளே சிரித்துக்கொண்டாள்.

விமானம் என்றார் அவர். கண்ணைத் திறக்கவில்லை.

மனைவி விடுவதாக இல்லை. அவருக்கு அசதியாக இருந்தால் வழியில் இன்னொரு நாள் தங்கிப் போகலாம் என்றாள். விமானம் என்றாலே தனக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். யாருக்காக இந்த அவசரம் என்றாள்.

அவர் மறுபடியும் விமானம் என்றார்.

அவள் வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதுவரை எங்கும் போனதில்லை. ஒரே ஒரு தடவை அவருடைய பேருந்தில் போயிருக்கிறாள். அதுவும் ஏழாவது வரிசையில், மடியில் கைக்குழந்தையோடு, அவருடைய பின்னந்தலையைப் பார்த்தபடி.

முன்னால் உட்கார்ந்து, ஆற அமரப் பேசிக்கொண்டு போக வேண்டும் என்பது அவளுடைய நாள்பட்ட ஆசை. அதை அவள் இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

தெரிந்தும், வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

“ஊர் ஜனத்தையெல்லாம் வருஷம் பூரா கொண்டுபோய் விடுறீங்க. எங்க மூணு பேரைக் கூட்டிட்டுப் போகத்தான் உங்களுக்கு வலிக்குது.”



அவர் கண்ணைத் திறந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிக்கொண்டு மூத்தவளைக் கூப்பிட்டார். விமானத்துக்கே டிக்கெட் போடச் சொன்னார்.

மனைவி எழுந்தாள். எழுதி வைத்திருந்த தாளைக் கிழிக்காமல் நாலாக மடித்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

மூத்தவள் நான்காவது பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது.

டிப்போவிலிருந்து, டிரைவர்களுக்கு டியூட்டி போடும் டைம் கீப்பர். நாளைக் காலை வண்டிக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சலாம், ஆறு மணிக்கு இவர் வந்து எடுக்க வேண்டுமாம். இப்படிக் கேட்டு இவர் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதனால் டைம் கீப்பர் இவர் பேரை எழுதிவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

அவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் பேரை எடுத்துடுங்க சார். நாளைக்கு மட்டுமில்ல, இப்போதைக்கு எந்த வண்டிக்கும் போடாதீங்க. காரணத்தை நேர்ல வந்து சொல்றேன்.”

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மனைவி ஈரக் கையோடு வந்து கதவருகில் நின்றாள். கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. அவர் எழுந்து அவளைச் சமையலறைக்குள்ளேயே அழைத்துக்கொண்டு போய், பெண்கள் காதில் விழாதபடி, தாழ்ந்த குரலில் சொன்னார். எட்டு நாளாக யாரிடமும் சொல்லாதது.

சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பியிருந்த நேரம். நல்ல வெயில். சாலை நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. முன்சீட்டில் கண்டக்டர் சாய்ந்துவிட்டார். வண்டிக்குள் பேச்சுமூச்சு இல்லை. ஒரு பாலம் ஏறி இறங்கியது அவருக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, முன்சக்கரம் நடுக்கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்ததுதான்.

எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. மறுநாளும் அதே வண்டியை எடுத்தார், அதற்கு மறுநாளும்.

அந்தப் பாலத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் வண்டிக்குள் நாற்பத்திரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவரோடு சேர்த்தால் நாற்பத்து மூன்று.