கூரை தாங்கும் பெண்கள்

சன்னல் திரைகளை இழுத்துவிட்டதும் மதிய வெயில் வெளியே நின்றுகொள்கிறது. மேற்கத்திய நாகரிக வரலாற்று வகுப்பு பாதித் தூக்கத்தில் மிதக்கிறது. புரொஜெக்டரின் வெளிச்சத்தில் தூசி மெல்ல நீந்துகிறது. திரையில் ஒரு கிரேக்கக் கோயில், அதன் தூண்களெல்லாம் பெண்கள். "கூரையத் தலையில தாங்கிக்கிட்டு நிக்கிறாங்க, முகத்துல ஒரு சுளிப்பு இருக்கா பாருங்க," என்கிறார் பேராசிரியர், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. கதவு கிறீச்சிடுகிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடித்து ஓடிவந்த அம்மா, குனிய மறந்து நேராக வெளிச்சத்துக்குள் நடந்து, கண் கூசி அங்கேயே நின்றுவிடுகிறாள். அவள் தோளில் கல் ஆடையின் மடிப்புகள் வழிகின்றன. கூரை வந்து அவள் தலையில் உட்காருகிறது. சோப்பு வாசம் கடைசி பெஞ்சில் இருக்கும் மகள்வரை வருகிறது. இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்த அன்றே மகள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "காலேஜுக்குள்ள நீ யாரோ, நான் யாரோ." அம்மாவும் இன்றுவரை அவள் பக்கம் திரும்பியதில்லை. "நம்ம ஆன்ட்டியப் பாருடி, சிலையாட்டம் நிக்குது," பக்கத்தில் தோழி சிரிப்பை அடக்கிக் கிசுகிசுக்கிறாள். "வீட்டுல யாரும் இல்லபோல, பாவம். அதான் இங்க வந்து உக்காந்துக்குது." மகள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு, "கொஞ்சம் தள்ளி உக்காருடி," என்கிறாள். இருட்டுக்குள் அவள் குரல் சற்று உரக்கவே கேட்கிறது. "அம்மா, இங்க வா." அம்மா அசைகிறாள். கூரை அவள் தலையிலிருந்து மெதுவாக நழுவி, அந்தக் கல் பெண்களிடமே திரும்பிப் போகிறது.