மூலையில் கறுப்பு

14-3-1962, புதன். இன்று ஒரு தவறு செய்தேன். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, "கொடுங்கள், படிக்கிறேன்" என்று கை நீட்டிவிட்டேன்.

டைரியில் செல்லமுத்து எழுதிய வரி இது; நீட்டிய அந்தக் கையில் விழுந்தது ஒரு கடிதம்.

புதுக்கோட்டையில், கல்லூரியின் கடைசி அறையில் மாலை ஆறு மணிக்குப் போர்த்துகீசிய வகுப்பு. கோவா இந்தியாவோடு சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த மொழி தெரிந்தால் அங்கே ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று நம்பி ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த செல்லமுத்து அவர்களில் ஒருவன். ஐந்து பேரில் தானே மந்தம் என்பது அவன் முடிவு.

முந்திரிக்கொட்டை நம்மூரிலேயே கொட்டிக் கிடக்கும்போது கோவாவுக்கு எதற்குப் போகிறாய் என்று பக்கத்து மேஜை சிவசாமி தினமும் கேட்பான்.

இன்று பாடம் நடத்தும் லோபோ சாருக்குக் காய்ச்சல். மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். செல்லமுத்து மட்டும் உட்கார்ந்து பழைய பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

பெயர் செங்கமலம் என்றாள். கந்தர்வக்கோட்டையை அடுத்த கிராமம். புருஷன் ஆண்டியப்பன் ஆப்பிரிக்காவில், போர்த்துகீசியர் துறைமுகம் ஒன்றில் சமையல் வேலைக்குப் போய் ஆறு வருஷம். கோவா சண்டைக்குப் பிறகு அங்கிருந்த நம் ஆட்களைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அதன் பிறகு வந்தது இந்தக் கடிதம் ஒன்றுதான்.

போர்த்துகீசிய மொழியில் தட்டச்சு செய்த கடிதம்; யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. படிக்க வேண்டிய தேவையும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. கடிதத்தின் கீழ் மூலையில் கறுப்பு மை அப்பியிருந்தது.

நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள், சாவுச் சேதி என்றால் கறுப்பு. ஊருக்கு அது போதும். அப்படிப்பட்ட கடிதத்தை வீட்டுக்குள் எடுத்துப்போவதில்லை என்று மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு அழுதார்கள். அன்றிலிருந்து நாள் கணக்கு. நாளைக்குப் பதினாறாம் நாள். காலையில் குளத்தங்கரையில் வைத்து அவள் தாலியைக் கழற்றப் போகிறார்கள்.

பதினைந்து நாள் வாசல் தாண்டாதவள், மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் கூரையிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். வகுப்பைப் பற்றித் தபால்காரர் சொன்னாராம்.

"முழுசும் படிக்க வேணாம் தம்பி. அவுக இருக்காகளா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

செல்லமுத்து முதல் வரியைப் படித்தான். தேதி புரிந்தது. ஜனவரி இருபத்தொன்பது. அடுத்த நாலு வரியில் ஒன்றும் புரியவில்லை.

கடைசி வரியில் தெரிந்த முகம்போல ஒரு வாக்கியம். 'நலமாக இருக்கிறேன்.' முதல் நாள் முதல் பாடம்.

சொல்லிவிட வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டான். நலமாக இருப்பது யார்? இதை எழுதிய அதிகாரியாகக்கூட இருக்கலாமே. தப்பாகச் சொல்லிவிட்டால் இவளை இரண்டாம் முறை அழவைத்த பாவம் தன்னைச் சேரும்.

சார் வரட்டும் என்று சொல்ல நினைத்தான். நாளைக் காலைக்குள் சார் எழுந்திருக்க மாட்டார்.

கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கறுப்புக்குக் கீழே, எறும்பு அளவில், தட்டச்சில் மூன்று சொற்கள். முதலாவது ஆண்டியப்பன். மற்ற இரண்டும் சென்ற வாரத்துப் பாடம். லோபோ சார் சின்னப் பிள்ளைகளுக்குப் போல ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லவைத்தார். வளர்ந்த ஆண்கள் ஐந்து பேரும் வெட்கத்தில் நெளிந்துகொண்டே சொன்னார்கள்.

வலது பெருவிரல்.

செல்லமுத்து கண்ணருகே வைத்துப் பார்த்தான். மை ஊறிப் பரவியிருந்தது. ஆனாலும் ஒரு ஓரத்தில் சன்னமான வளையங்கள். தினம் ஆபீஸில் முப்பது பேருடைய விரலைப் பிடித்து மையில் உருட்டுகிறவனுக்கு அதற்கு மேல் பாடம் வேண்டியிருக்கவில்லை.

"இருக்காருக்கா. நல்லா இருக்கேன்னு சொல்லி, அவரேதான் கைநாட்டு வச்சிருக்காரு."

அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி, அந்தக் கறுப்பின்மேல் தன் பெருவிரலை வைத்து அப்படியே நின்றாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு, ஊரில் தான் சொன்னால் எடுபடாது என்றாள். தாலியைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறாள் என்பார்கள். படித்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும்.

படித்தவர் என்று தன்னைத்தான் சொல்கிறாள் என்று செல்லமுத்துவுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று.

அவளைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து டைரியைத் திறந்தவன், முதலில் அந்தத் தவற்றை எழுதி, அதன் கீழே இன்னும் சில வரிகள் எழுதினான்.

வகுப்பை விட்டுவிடலாம் என்று திங்கட்கிழமைகூட நினைத்தேன். விடாமல் இருந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. லோபோ சாருக்குச் சொல்லலாம். விரல்களுக்கும் சொல்லலாம். கடிதத்தில் எனக்குப் புரிந்தவை பத்துச் சொற்கள்கூட இல்லை. மீதியில் என்ன இருக்கிறதோ.

நாளை: அரைநாள் லீவுக்குச் சிவசாமியிடம் மனு கொடுத்தனுப்ப வேண்டும். ஐந்தேகால் பஸ், கந்தர்வக்கோட்டை. அங்கிருந்து இரண்டு மைல் நடை. எட்டு மணிக்குக் குளத்தங்கரைக்குப் புறப்படுவார்களாம். ஏழரைக்குள் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.